கரிநாள் பேக்கப்

நான் குறை சொல்ற ஆள் இல்லைங்க. அதை மொதல்லயே சொல்லிர்றேன். நாக்கு மேல பல்லைப் போட்டு ஒருத்தரை ஒரு சொல்லு சொன்னது கெடையாது. ஆனா நீங்களே சொல்லுங்க சார், ஐம்பத்தாறு வயசுல, இந்த வெயில்ல, ஒரு பென் டிரைவ்ல நாலு படத்தை வாங்கிட்டுப் போக நான் பஸ் ஏறி இந்த ஊருக்கு வரணுமா? அதுவும் யார் வீட்டுக்கு?

பஸ் குலுங்குது, கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிறேன். சட்டைப் பையில சாமான் இருக்கு, நசுங்கிரக்கூடாது. நாலு படம்னு சொன்னேன்ல, பதினேழு படம். ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்ல, ஆனா எங்க பிரஸ்ஸோட இந்த வருசத்துப் பொழப்பு பூரா இதுக்குள்ளதான் இருக்கு.

சிவகாசிக்குத்தானா நீங்களும்? பத்திரிகை அடிக்கவா? மகளுக்கா? நல்லது, நல்லது. எங்க பிரஸ்ல பத்திரிகை அடிக்கிறது இல்ல. காலண்டர் மட்டும்தான். உங்க வீட்டுச் சுவத்துல தொங்குறதுகூட நாங்க அடிச்சதா இருக்கும், யார் கண்டா. கீழ ஜவுளிக்கடை பேரு இருக்கும், நகைக்கடை பேரு இருக்கும். எங்க பேரு இருக்காது. அப்படித்தான் அந்தத் தொழில்.

நான் படம் போடுற ஆள் இல்ல. படம் போடுறவுக ஒம்பது பேரு இருக்காக. அவுக போட்ட படமெல்லாம் பத்திரமா இருக்குதான்னு பாக்குற ஆள் நான். இருபத்திரண்டு வருசமா. சர்வர்னு ஒரு மிஷின், அதுக்குள்ளதான் எல்லாம். சாயந்தரம் அஞ்சே முக்காலுக்கு நான் போய் உக்காந்து பேக்கப் எடுக்கணும். எடுத்து முடிச்சாத்தான் மெயினை அணைப்பாக. எங்க முதலாளிக்கு மின்சாரம்னாலே பயம். சுத்தி பேப்பர் கட்டா கெடக்குல்ல, அதனால சாயந்தரமானா ஒரு பல்பு விடாம எல்லாத்தையும் அணைச்சிறணும். சர்வரையும்.

பேக்கப்னா என்னன்னு தெரியுமா? நகல் எடுத்து வைக்கிறது. இப்ப எல்லாரும் பட்டனை அமுக்கி எடுக்குறாக. நான் அப்படி இல்லைங்க. கருப்புத் திரை, அதுல வெள்ளை எழுத்து. கமாண்ட் அடிக்கணும். டார்னு ஒரு கமாண்ட். அதுக்குப் பின்னாடி ரெண்டு கோடு போட்டு லிஸ்டெட் இன்க்ரிமெண்டல், அப்புறம் ஒரு சமக்குறி, நோட்டோட பேரு, மூட்டையோட பேரு. ஒரு புள்ளி தப்பினாலும் வேற எங்கயாவது கொண்டுபோய் விட்ரும். நான் இருபத்திரண்டு வருசத்துல ஒரு புள்ளி தப்ப விட்டது இல்ல. அந்தக் கமாண்டை எங்கயும் எழுதி வச்சதும் இல்ல. எழுதி வச்சா நாளைக்கே ஒருத்தன் வந்து உக்காந்துக்கிருவான்.

அது எப்படின்னா, மொத நாளு எல்லாத்தையும் முழுசா ஒரு மூட்டை கட்டிரும். மறுநாள்லருந்து எது மாறியிருக்கோ அதை மட்டும் கட்டும். நேத்து நூறு படம் இருந்துச்சு, இன்னைக்கு மூணுதான் மாத்துனாகன்னா அந்த மூணு மட்டும் ஒரு சின்ன மூட்டை. எதெல்லாம் எடுத்தாச்சுன்னு தனியா ஒரு நோட்டுல அதுவே எழுதி வச்சுக்கும். மறுநாள் அந்த நோட்டைப் பாத்துத்தான் வேலை செய்யும். நாளைக்கு ஏதாவது ஆகிப்போச்சுன்னா பெரிய மூட்டையை மொதல்ல பிரிச்சு, அதுக்கு மேல சின்ன மூட்டையெல்லாம் வரிசையாப் பிரிச்சுக்கிட்டே வரணும். கடைசி மூட்டை பிரிச்சு முடிச்சா, நேத்து சாயந்தரம் எப்படி இருந்துச்சோ அப்படியே வந்து நிக்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. இடமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

எல்லாம் ஒழுங்காத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு சார். இந்த வருசம் தையில முதலாளி யாரோ ஒரு ஜோசியரைப் பாத்துட்டு வந்தாக. அவுகளையும் நான் குறை சொல்லலை. நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் நாங்கதானே அடிச்சு ஊருக்கெல்லாம் குடுக்குறோம். நாங்களே பாக்கலைன்னா எப்படி? அதுவரைக்கும் பேக்கப் எடுக்குற டிஸ்க் என் மேசை டிராயர்லதான் இருக்கும். முதலாளி சொன்னாக, "ராமசுப்பு, அந்த டிஸ்க்லதான்யா நம்ம லட்சுமி இருக்கா. அதைப் போய்க் கத்திரிக்கோல், பசை டப்பாவோட போட்டு வச்சிருக்க. இனிமே அது பூசை ரூம்ல இருக்கட்டும்." சரின்னு கொண்டுபோய் வச்சோம். சந்தனம் வச்சாக, குங்குமம் வச்சாக. கேபிள் மாட்டுற ஓட்டைல சந்தனம் போயிரக்கூடாதுன்னு நான்தான் ஒரு செல்லோ டேப் ஒட்டினேன்.

அதோட விட்டாகளா? கரிநாள் அன்னைக்கு அந்த டிஸ்க்கைப் பூசை ரூமை விட்டு எடுக்கக் கூடாதுன்னுட்டாக. முழு மூட்டை வருசத்துக்கு ஒரு தடவை, சித்திரை ஒண்ணாந் தேதி மட்டும்னுட்டாக. நான் மாசம் ஒரு தடவை முழுசா எடுக்குறது வழக்கம். சொல்லிப் பாத்தேன். சத்தமாச் சொல்லலை. முதலாளிகிட்ட எப்படிச் சத்தமாச் சொல்ல?

கரிநாள்னா தெரியும்ல உங்களுக்கு. சித்திரையில ஆறு, பதினஞ்சு. வைகாசியில ஏழு, பதினாறு, பதினேழு. ஆனியில ஒண்ணு, ஆறு. ஆடியில ரெண்டு, பத்து, இருபது. நல்ல காரியம் தொடங்க மாட்டாக. பார்ட்டி ஒருத்தரும் ஆர்டர் பேச வர மாட்டாக. ஆனா பிரஸ் ஓடும். அன்னைக்கு என்ன பேக்கப் எடுக்காம விட்ரலாமா? அது என் வேலைக்கு அழகா? நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். டிஸ்க்குக்குப் பதிலா சர்வர்லயே டெம்ப்னு ஒரு இடம் உண்டு, தற்காலிகமா சாமான் போட்டு வைக்கிற இடம். கரிநாள் அன்னைக்கு மூட்டையை அங்க கட்டி வச்சுருவோம், மறுநாள் டிஸ்க் வெளிய வந்ததும் அதுக்கு மாத்திக்கிருவோம்னு. முதலாளி சொன்னதும் ஆச்சு, என் வேலையும் ஆச்சு.

நல்ல வழிதானே? நீங்களே சொல்லுங்க.

சரி, அந்தப் புள்ள கதைக்கு வர்றேன். மாரிக்கனின்னு பேரு. படம் போடுறவுகள்ல ஒருத்தி. இருபத்தெட்டு, இருபத்தொம்பது வயசு இருக்கும். சாமி படத்துக்கு முகம் திருத்துறதுல அவளை அடிச்சுக்க ஆள் கெடையாது, அதைச் சொல்லிரணும். ஒரு முருகருக்கு முகம் திருத்துனான்னா, நாலு நாளு அதே முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. கரிநாள்னா அவளுக்குக் கொண்டாட்டம். பார்ட்டி வந்து "அந்தக் கலரை மாத்து, இந்தப் பூவை எடு"ன்னு நச்சரிக்க மாட்டாகல்ல. பெரிய வேலையெல்லாம் அன்னைக்குத்தான் முடிப்பா. மத்தவுகளும் அப்படித்தான்.

ஆனா வாய் சும்மா இருக்காது. சித்திரையில ஒரு நாளு, நான் கமாண்ட் அடிச்சுக்கிட்டு இருக்கேன், பின்னாடி வந்து நிக்கிறா. "அண்ணே, கரிநாள்ல டெம்ப்ல போடுறீங்களே, சாயந்தரம் மிஷினை அணைச்சிட்டா அது காலைல இருக்குமாண்ணே?" எனக்குச் சுருக்குனு வந்துருச்சு. நான் கம்ப்யூட்டர் தொட்டப்ப இவ பால்வாடி போயிக்கிட்டு இருந்திருப்பா. "நீ மூக்குக்குக் கலர் குடு தாயி, இதை நான் பாத்துக்கிறேன்"னேன். எல்லாரும் சிரிச்சாக. அவளும் சிரிச்சா. நான் தப்பா ஒண்ணும் சொல்லலை.

எங்க பிரஸ்ல ஒரு ரூல் உண்டு. படம் எதுவும் வெளிய போகக் கூடாது. சிவகாசியில அது பெரிய குத்தம். எங்க படம் ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடி பக்கத்துப் பிரஸ்ஸுக்குப் போயிருச்சுன்னா முடிஞ்சுச்சு. ஆடிப் பதினெட்டு அன்னைக்குத்தான் ஊர் பூரா புது வருசத்துக் காலண்டர் ஆல்பம் வெளிய விடுவாக. அன்னைக்கு ஏஜெண்டெல்லாம் வந்து புரட்டிப் பாத்து ஆர்டர் குடுப்பாக. அந்த ஒரு நாளுக்காகத்தான் சித்திரையிலருந்து படம் போடுறது. அன்னைக்கு ஆல்பம் இல்லைன்னா அந்த வருசம் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

ஆடி மூணு, காலைல. கேட்ல எனக்கு முன்னாடி அவ போறா. பையிலருந்து சாவி எடுக்குறப்ப ஒரு பென் டிரைவ் கீழ விழுந்துச்சு. நான்தான் எடுத்தேன். எடுத்து அவகிட்டயே குடுத்திருக்கலாம். குடுக்கலை. ரூல்னா ரூல்தானே? மேல கொண்டுபோய் எல்லாருக்கும் முன்னாடி சொருகிப் பாத்தேன். உள்ள தேதி தேதியா எட்டு ஃபோல்டர். எல்லாம் நம்ம படம். கையும் களவுமா!

முதலாளிக்குப் போன் பண்ணினேன், வந்தாக. அவ ஒண்ணும் ஓடி ஒளியலை. "அண்ணே, தேதியைப் பாருங்கண்ணே, அதெல்லாம் கரிநாள்ல..."ன்னு ஆரம்பிச்சா. "பேசாத"ன்னேன். திருட்டுல நல்ல நாளு கெட்ட நாளு உண்டா? அந்த எட்டு ஃபோல்டரையும் அங்கயே அழிச்சேன். சும்மா அழிச்சா எடுத்துரலாம்னு அவளுக்குத் தெரியும். அதனால மேல மூணு தடவை கண்டதை எழுதி அழிக்கிற கமாண்டைப் போட்டேன். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. இருபது நிமிசம் ஆச்சு. அந்த இருபது நிமிசமும் அவ அங்கயே நின்னுக்கிட்டு இருந்தா. உக்காருன்னு யாரும் சொல்லலை, நானும் சொல்லலை. முதலாளி "வீட்டுக்குப் போ தாயி, நாளைலருந்து வர வேணாம்"னாக. டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

எனக்கு மட்டும் சந்தோசமா? அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை.

ரெண்டே நாளு. ஆடி அஞ்சு காலைல சர்வரை ஆன் பண்ணினா டக்கு டக்குன்னு ஒரு சத்தம். சர்வருக்குள்ள இருக்குற டிஸ்க் செத்துப்போச்சு. எல்லார் மூஞ்சியும் வெளுத்துப்போச்சு. நான் அசரலை. "முதலாளி, ஒரு நாளு குடுங்க. நேத்து சாயந்தரம் எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சுர்றேன்"னேன். அவுக என் தோள்ல தட்டிக் குடுத்தாக. இருபத்திரண்டு வருசத்துல மொத தடவை. பூசை ரூம்லருந்து பேக்கப் டிஸ்க் வந்துச்சு, புது மிஷின் வந்துச்சு. சித்திரை ஒண்ணு மூட்டையைப் பிரிச்சேன். அப்புறம் ரெண்டு, மூணு, நாலு... வரிசையா, கமாண்ட் கமாண்டா, கிட்டத்தட்ட நூறு மூட்டை. ஒரு எரர் வரலை சார். ஒண்ணே ஒண்ணுகூட வரலை. டாரும் ஒண்ணும் சொல்லலை, நானும் நம்பிட்டேன்.

மறுநாள் படம் போடுறவுக வந்து திறந்து பாக்குறாக. முதலாளி பின்னாடி வந்து நிக்கிறாக. "ராமசுப்பு, முருகர் எங்கய்யா?"ன்னாக.

முருகர் இல்ல. பெரிய சைஸ் முருகர் இல்ல, மதுரைப் பார்ட்டிக்குப் போட்ட மீனாட்சி கல்யாணம் இல்ல, வேளாங்கண்ணி மாதா இல்ல, மெக்கா இல்ல. எம்மதமும் இல்ல. பதினேழு படம் போயிருச்சு. சிலது பழைய கோலத்துல கெடக்கு, பாதி முகத்தோட. சிலது பேரே இல்ல.

எப்படின்னு நானும் மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்புறம் தெரிஞ்சுச்சு. அந்த டெம்ப் இருக்கே, மிஷினை அணைச்சுத் திருப்பி ஆன் பண்ணினா அது தானாவே கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக்கிரும். கரிநாள் அன்னைக்கு நான் கட்டுன மூட்டையெல்லாம் மறுநாள் காலைல இருந்ததே இல்ல. ஆனா நோட்டு இருக்கு பாருங்க, எடுத்தாச்சுன்னு எழுதி வைக்கிற நோட்டு, அது வேற இடத்துல பத்திரமா இருக்கு. அதுல எடுத்தாச்சுன்னு எழுதியிருக்கு. அதனால மறுநாள் திருப்பி எடுக்காது. எடுத்தாச்சேன்னு இருந்துரும். எட்டுக் கரிநாள், எட்டு மூட்டை.

மறுநாள் டிஸ்க்குக்கு மாத்துறப்ப பாக்கலையான்னு கேக்குறீங்க. முதலாளியும் அதைத்தான் கேட்டாக. மாத்துறது அன்னன்னைக்கு வேலையில மறந்துரும் சார். மூட்டைதான் அங்க இருக்குமே, எப்ப வேணும்னாலும் மாத்திக்கிரலாம்னு இருந்துட்டேன். போய்ப் பாக்கலை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பிரிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இருபத்திரண்டு வருசமாக் கட்டிக்கிட்டேதான் இருந்திருக்கேன், ஒரு மூட்டையைப் பிரிச்சுப் பாக்க நேரமே வரலை. தேவைப்படலையே.

நான் முதலாளிகிட்ட இந்த டெம்ப் விசயத்தைச் சொல்லலை. சொன்னா அவுகளுக்குப் புரியாது. "டிஸ்க்ல கொஞ்சம் கோளாறு, பாத்துக்கிட்டு இருக்கேன்"னு சொல்லி வச்சிருக்கேன். அது பொய் இல்ல, பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? மூணு நாளு சோறு தண்ணி இல்லாம பாத்தேன். செத்த டிஸ்க்கை மதுரைக்கு அனுப்பிப் பாத்தாச்சு, அவுகளும் கைய விரிச்சுட்டாக. திருப்பிப் போடலாம்னா பதினேழு படம், ஆடிப் பதினெட்டுக்கு இருக்குறது ஒம்பது நாளு, பிரிண்ட் ஆக வேற நாளு வேணும். அதுல பாதிக்கு மேல அந்தப் புள்ள கைப்பட்ட படம். வேற யாரு போட?

நேத்து சாப்பாட்டு நேரத்துல படம் போடுறவுகள்ல ஒருத்தன் என்கிட்ட வந்து மெல்லமாச் சொன்னான். "அண்ணே, மாரிக்கனி அக்காகிட்ட இருக்கும்ணே." அழிச்சாச்சேடான்னேன். "பென் டிரைவ்லதானே அழிச்சீங்க"ன்னான்.

அதான் இன்னைக்கு லீவு சொல்லிட்டு வந்தேன். முதலாளிக்கு இங்க வந்தது தெரியாது. சாத்தூர்ல ஒரு ஆளைப் பாத்து டிஸ்க்கைக் காட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

அவ வீடு ஊர்க் கோடியில ஒரு வேப்பமரத்துக்குப் பின்னாடி இருக்கு. வாசல்ல உக்காந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கிட்டு இருந்தா. கை பூரா பசை. பத்து வருசம் மவுஸ் பிடிச்ச கை. என்னைப் பாத்ததும் எந்திரிச்சுட்டா. திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருந்தா எனக்கும் சுலபமாப் போயிருக்கும். "வாங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்களே"ன்னு மோரு கொண்டாந்து குடுத்தா. உப்புப் போட்டு, கருவேப்பிலை கிள்ளிப் போட்டு.

நான் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம மோரைக் குடிச்சுக்கிட்டே இருக்கேன். அவளே கேட்டா, "பேக்கப்ல எந்தெந்த நாளுண்ணே இல்ல?" நான் மோர் டம்ளரைக் கீழ வச்சேன். அவளே சொல்றா. "சித்திரை ஆறு, பதினஞ்சு. வைகாசி ஏழு, பதினாறு, பதினேழு. ஆனி ஒண்ணு, ஆறு. ஆடி ரெண்டு. சரியாண்ணே?"

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு சார். எட்டும் சரி.

தம்பிக்குக் கவர்மெண்ட்ல குடுத்த லேப்டாப், அதைத் திறந்தா. எட்டு ஃபோல்டர். முருகர் இருக்காரு, மீனாட்சி இருக்கா, மாதா இருக்கா, பதினேழும் இருக்கு. ஒவ்வொரு கரிநாளும் சாயந்தரம் மத்தவுக படத்தையும் சேத்துத் தன் பென் டிரைவ்ல எடுத்துட்டு வந்து இதுல போட்டு வச்சிருக்கா. ஆடி ரெண்டு உட்பட. மூணாந் தேதி காலைல என்கிட்ட மாட்டுனது, லேப்டாப்ல போட்டு முடிச்சிட்டுத் திரும்பக் கொண்டாந்த பென் டிரைவ். நான் இருபது நிமிசம் உக்காந்து அழிச்சது அதைத்தான்.

பாத்தீங்களா? நான் அன்னைக்கே சொன்னேன், இவ படத்தை வெளிய கொண்டு போறான்னு. சொன்னது சரியாப் போச்சா இல்லையா? முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டு எடுத்திருக்கலாம்ல. என்கிட்டயாவது...

என்கிட்ட சொன்னாதான். சித்திரையில. ஆமா.

ஆனா அது எப்படிச் சரியா அந்த எட்டு நாளை மட்டும் எடுத்தா? வேற நாளுல ஒரு படம்கூட எடுக்கலை. நான் பாத்தேன், நல்லாத் தேடித்தான் பாத்தேன். விக்கணும்னு நெனக்கிறவ எல்லாத்தையும்தானே எடுப்பா? இதை ரோசனை பண்ணிக்கிட்டேதான் வேப்பமரத்துலருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்தேன்.

நான் ஒரு பென் டிரைவ் கொண்டு போயிருந்தேன், அதுல போட்டுக் குடுத்தா. நான் பைல் பைலா சரி பாத்தேன். அவ பாட்டுக்குக் குழாய் உருட்டிக்கிட்டு இருந்தா. எழுந்திரிக்கிறப்ப, "என்ன தாயி வேணும் உனக்கு?"ன்னு கேட்டேன். கேக்கணும்ல. ஏதாவது கேப்பா, முதலாளிகிட்ட பேசி வாங்கிக் குடுத்திரலாம்னு நெனச்சேன். அவ சொன்னா, "ஒண்ணும் வேணாம்ணே. இது எங்கருந்து வந்துச்சுன்னு மட்டும் முதலாளிகிட்ட சொல்லிருங்க. மூணு பிரஸ்ல கேட்டுட்டேன். 'பென் டிரைவ் புள்ள நீதான'ன்னு கேக்குறாக. பேரு சொன்னதும் கேட்லயே திருப்பி அனுப்புறாக. முதலாளி ஒரு வார்த்தை சொன்னா மாறிரும்ணே. சொல்லிட்டு எனக்கு ஒரு போன் மட்டும் போடுங்க." நம்பரையும் அவளே என் போன்ல போட்டுக் குடுத்தா.

சொல்றேன் தாயின்னேன். சத்தியமாத்தான் சொன்னேன். சொல்லாம வேற என்ன?

ஆனா எப்படிச் சொல்றதுன்னுதான் பாக்குறேன். மாரிக்கனிகிட்ட இருந்து வந்துச்சுன்னு சொன்னா, உன்கிட்ட ஏன்யா இல்லைன்னு கேப்பாக. டெம்ப் வெளிய வரும். அவ சித்திரையிலயே கேட்டது வெளிய வரும், படம் போடுற மத்தவுக எல்லாருக்கும் தெரியும், சிரிச்சவுக அவுகதானே. அப்புறம் அவளை நிறுத்துனது யாருன்னு வரும். எல்லாம் சுத்திச் சுத்தி என் தலையிலதான் வந்து விடியும். எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருசம். இந்த வயசுல யாரு சார் எனக்கு வேலை தருவா? கருப்புத் திரையில கமாண்ட் அடிக்கிற ஆளு யாருக்கு வேணும்? அவளுக்கு என்ன, சின்ன வயசு, கையில தொழில் இருக்கு. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு. வெக்கமாத்தான் இருக்கு, இல்லைங்கலை. வெக்கத்தை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?

சொல்லணும். சொல்லத்தான் போறேன். பக்குவமா, நேர்ல போயி, முதலாளி நல்லா இருக்குற நேரமாப் பாத்து...

ஒரு நிமிசம் சார். போனு. முதலாளிதான்.

வணக்கம் முதலாளி... ஆமா முதலாளி, பஸ்லதான் வந்துக்கிட்டு இருக்கேன். கெடச்சிருச்சு முதலாளி! பதினேழும். எல்லாம் முழுசா இருக்கு, நான் சரி பாத்துட்டேன்... முருகர் இருக்காரு முதலாளி, கண்ணு, மூக்கு, வேலு எல்லாம்... எங்கருந்தா?... அது... நம்ம டிஸ்க்லதான் முதலாளி. ஒரு மூட்டை பிரியாம உள்ள மாட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு கமாண்ட் மாத்திப் போட்டேன், வந்துருச்சு... ஐயோ, அதெல்லாம் எதுக்கு முதலாளி, என் கடமைதானே... சரி... சரி முதலாளி... அப்படியா... இல்ல, எனக்குத் தெரியாது... சரி முதலாளி. நீங்க சொன்னாச் சரிதான். வச்சிர்றேன்.

சந்தோசப்படுறாக சார். ஆல்பம் வந்துரும். ஆடிப் பதினெட்டுக்கு வந்துரும். எனக்கு மேடையில வச்சு மாலை போடுறாகளாம்.

இன்னொண்ணும் சொன்னாக. அந்தப் புள்ளயை நாளைக்குத் திரும்பக் கூப்பிடலாம்னு இருந்தாகளாம். படமெல்லாம் போயிருச்சே, திருப்பிப் போட அவளை விட்டா ஆளு ஏதுன்னு. வேற வழி இல்லாமத்தான் மனசு வந்துச்சாம். இப்பத்தான் எல்லாம் கெடச்சிருச்சே, இனி அவ வேணாம்னாக.

நான் என்ன செய்யட்டும்? நான் சொல்லலைன்னா கூப்பிட்டிருப்பாகன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நிமிசத்துக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா... இல்ல, தெரிஞ்சிருந்தாலும்...

ஏன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க?

பாருங்க, திருப்பியும் அடிக்குது. முதலாளி இல்ல. அவதான். பேரோடதான் போட்டுக் குடுத்திருக்கா, மாரிக்கனி பிரஸ்னு. பஸ் ஏறி அரை மணி நேரம்கூட ஆகலை, பொறுமையில்லாத புள்ள. அடிக்கட்டும், அடிச்சு ஓயட்டும்.

ஓஞ்சிருச்சு.

திருப்பியும் அடிக்கிறா சார்.

சார், நீங்க எடுங்களேன். உங்க குரலு அவளுக்குத் தெரியாது. இந்த ஆளு போனை சீட்டுல விட்டுட்டு எறங்கிப் போயிட்டாருன்னு மட்டும் சொல்லிருங்க. இந்தாங்க, பிடிங்க. நின்னுறப்போகுது.